தோட்டாவின் வாலை வெட்ட வேண்டாம்

வர்ஜீனியாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். சாரத்தை மட்டும் தருகிறேன்:

"ஐயா, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துத் துப்பாக்கிகள் மீது எனக்கும் என் 14 வயது மகனுக்கும் ஆர்வம். சென்ற ஆண்டு 1863 மாடல் சார்ப்ஸ் கார்பைனின் (குட்டையான நீள்துப்பாக்கி) நகல் ஒன்றை, .54 காலிபர், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தாள் தோட்டாவை நானே செய்கிறேன். பிரிண்டர் தாளில் குழாய் சுற்றி, பின்பக்கம் ஒரு அங்குலம் வால் விட்டு, லீவரை மூடும்போது பிளாக் (பின்வாயை அடைக்கும் எஃகுக் கட்டை) அந்த வாலை வெட்டும்படி வைக்கிறேன். அப்படித்தான் அந்தக் காலத்தில் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஆறேழு முறை சுட்டதும் லீவர் இறுகிக்கொள்கிறது. சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) கருகிய தாள் துண்டுகள் கிடக்கின்றன. போன வாரம் பிளாக்குக்கு மேலே தீ சீறி என் மணிக்கட்டு முடி பொசுங்கிவிட்டது. வாலை வெட்டாமல் 1857 சிப்பாய்கள் போல முன்கூட்டியே கடித்துக் கிழித்துப் போட வேண்டுமா? எவ்வளவு வெடிமருந்து போடுவது? நாங்கள் சைவம், கொழுப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவலாமா? மகன் உதவி செய்யலாமா? அடுத்த மாதம் மதுரை போகிறோம், அப்பாவிடம் காட்ட நாலு தோட்டா எடுத்துப் போகலாமா?"

மகனுக்கு 14 வயது என்கிறீர்கள், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். பென்சில்வேனியாவில் பழைய துப்பாக்கிகளையும் அவற்றின் நகல்களையும் பழுது பார்ப்பதுதான் 22 வருடமாக என் வேலை. உங்கள் கடிதத்தில் ஏழெட்டுக் கேள்விகள் இருந்தாலும், லீவர் இறுகுவது, தாள் கருகுவது, தீ சீறுவது என்ற மூன்றுக்கும் முதல் காரணம் ஒன்றுதான். அது நீங்கள் வேண்டுமென்றே விட்டு வைக்கிற அந்த ஒரு அங்குல வால்.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு வேலை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பட்டையை நகர்த்தி, குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள். உள்ளே கடுகு போலக் கறுப்பு மணிகள் கிடந்தால் அது கருமருந்து. வாலை வெட்டும் ஒவ்வொரு முறையும் குழாய் பிளந்து ஐந்தாறு மணியாவது கீழே உதிரும். அது பிளாக் ஏறி இறங்குகிற பள்ளத்தின் வழியாக இறங்கி, முன்கட்டைக்குள் போய்ச் சேரும். பத்துத் தடவை சுட்டால் ஒரு சிட்டிகை சேர்ந்துவிடும். மேலே சீறுகிற தீ ஒரு நாள் கீழேயும் எட்டிப் பார்க்கும். என் மேசைக்கு இப்படி ஒரு கார்பைன் வந்தது. முன்கட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தது. கொண்டுவந்தவரின் இடது உள்ளங்கையில் ஆறு தையல். குழலுக்கும் சேம்பருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உதிர்ந்த மருந்து மட்டும் பற்றியதால் வந்த வினை அது. உங்களுக்கு மணிக்கட்டு முடியோடு போனது. அதை நல்ல எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்கட்டையைத் துடைத்து, புதுத் தோட்டா செய்து முடிக்கும் வரை அந்தத் துப்பாக்கியைச் சுட வேண்டாம்.

சரி, வால் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது முழுப்பொய் இல்லை. கிறிஸ்டியன் சார்ப்ஸ் 1848-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், லீவரைக் கீழே தள்ளினால் எஃகுக் கட்டை ஒன்று இறங்கி சேம்பரைத் திறக்கும். மேலே தூக்கினால் ஏறி மூடும். அந்தக் கட்டையின் மேல் விளிம்பு கத்தி போல இருக்கும். ஆரம்பகாலத் தோட்டாக்கள் சேம்பரைவிட நீளமானவை. கட்டை ஏறும்போது பின்பக்கத்தை நறுக்கி, கேப்பின் (துப்பாக்கியின் சுத்தியலான ஹேமர் அடித்ததும் பொறி தரும் சிறு மூடி) தீ மருந்தைத் தொட வழி செய்தது. நறுக்கினால் மருந்து சிதறும், சிதறினால் இடுக்கில் தங்கும் என்பதை அவர்களும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அதனால்தான் உள்நாட்டுப் போர்க்காலத்து நல்ல சார்ப்ஸ் தோட்டாக்களில் லினன் துணிக் குழாயின் பின்பக்கத்தை வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) ஏற்றிய மெல்லிய தாளால் தட்டையாக மூடினார்கள். கேப்பின் தீ அந்தத் தாளைப் பொசுக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விடும், வெட்ட வேண்டிய வேலையே இல்லை. 1863 மாடலின் நகலை வைத்துக்கொண்டு நீங்கள் 1850-களின் பழக்கத்தைப் பின்பற்றுகிறீர்கள்.

1857 விஷயத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடப் பாடத்தால் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தாள் தோட்டா என்றால் அதுதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்போது சிப்பாய்களுக்கு வந்த என்ஃபீல்டு .577 காலிபர், குழலின் வாய்வழியாக மருந்திடும் துப்பாக்கி. அதன் தோட்டாவில் மருந்து ஒரு முனையிலும் குண்டு மறுமுனையிலும் இருக்கும். மருந்து முனையைக் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலுக்குள் கொட்டி, தோட்டாவைத் திருப்பி, கொழுப்புத் தடவிய தாளோடு குண்டைக் குழல் வாயில் வைத்து, மீதித் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, கோலால் இடிக்க வேண்டும். கடிப்பது அந்த வேலையில் ஒரு படி. மீரட்டில் 1857 ஏப்ரல் 24 அன்று 90 குதிரைவீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்ததும், மே 9-ஆம் தேதி அவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டியதும், மறுநாளே கிளர்ச்சி வெடித்ததும் நமக்குத் தெரிந்த கதை. சார்ப்ஸில் கடிக்கவும் தேவையில்லை, கிழிக்கவும் தேவையில்லை. தோட்டா முழுசாக உள்ளே போய் முழுசாக எரிய வேண்டும். வேகம் வந்ததும் அதனால்தான். வாய்வழித் துப்பாக்கியில் நன்றாகப் பழகியவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால், சார்ப்ஸ்காரர் எட்டு முறைக்கு மேல் சுடலாம். வட மாநிலங்களின் பக்கம் போரிட்ட பெர்டனின் குறிபார்ப்பாளர் படை 1862-இல் சார்ப்ஸ் ரைஃபிள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அளவு. தோட்டாவின் நீளத்தை அடுத்தவரிடம் கேட்டு வைக்காதீர்கள், உங்கள் துப்பாக்கியிடம் கேளுங்கள். நகல்களில் சேம்பர் ஆழம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒரே தயாரிப்பிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிளாக்கை இறக்கி, ஒரு வெறும் குண்டை விரலால் சேம்பருக்குள் விட்டு, ஒரு மரக்கோலால் மெதுவாகத் தள்ளுங்கள். குழலின் உட்சுவரில் சுருள் வரிகள் தொடங்கும் இடத்தில் குண்டு முட்டி நிற்கும். இடிக்க வேண்டாம், அது தானாக நிற்கிற இடம் போதும். இப்போது குண்டின் அடியிலிருந்து சேம்பரின் பின்விளிம்பு வரை வெர்னியர் காலிப்பரின் வால் கம்பியை விட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை அளந்து மூன்றும் ஒன்றாக வர வேண்டும். உங்கள் குழாயில் மருந்து இருக்கும் பகுதியின் நீளம் அதுதான். பிளாக்கை மூடும்போது அதன் முகம் தோட்டாவின் அடியைத் தொட்டும் தொடாமலும் வழுக்கி ஏற வேண்டும். தாளின் சரசரப்பு கேட்டால் நீளம் அதிகம். சேம்பர் காலியாக இருப்பது போல லீவர் மூடிக்கொண்டு, கேப் அடித்தபின் ஒரு கணம் தாமதித்துத் துப்பாக்கி சுட்டால் நீளம் குறைவு. கேப்பின் தீ, அது உட்காரும் நிப்பிளிலிருந்து கட்டைக்குள் ஒரு வளைவான துளை வழியாக வந்து இடைவெளியைத் தாண்ட வேண்டியிருப்பதால்தான் அந்தத் தாமதம்.

அந்தக் குழாய்க்குள் காலியிடம் இருக்கவே கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இருந்தால் அழுத்தம் ஒரே இடத்தில் அடித்து, குழல் வளையமாகப் புடைத்துக்கொள்ளும். புடைத்த குழலை என்னாலும் சரி செய்ய முடியாது, வேறு யாராலும் முடியாது. .54 கார்பைனில் பெரும்பாலோர் போடுவது 50 முதல் 60 கிரெயின், அதாவது மூன்றேகால் கிராமிலிருந்து நாலு கிராமுக்குள். உங்கள் துப்பாக்கியின் கையேட்டில் உச்ச அளவு போட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். செகண்ட் ஹேண்ட் என்பதால் கையேடு வந்திருக்காது. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டு வாங்குங்கள். போட்ட மருந்து குழாயை நிரப்பவில்லை என்றால், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே கம்பளி ஃபெல்ட் வட்டு வைத்து நிரப்புங்கள். பழைய கேப் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இதற்கு ரவை போடுவார்கள். நம் வீட்டு உப்புமா ரவையேதான். தோட்டாவுக்கு எனக்கு ஃபெல்ட்தான் பிடிக்கும், மெழுகை உறிஞ்சிக்கொண்டு குழலையும் துடைத்துக்கொண்டு போகும்.

மருந்து என்று நான் சொல்வது உண்மையான கருமருந்தை. புகையில்லா நவீன மருந்தை ஒரு சிட்டிகைகூடக் கலக்கக் கூடாது, இந்தத் துப்பாக்கி அந்த அழுத்தத்துக்குக் கட்டியது இல்லை. கடைகளில் கருமருந்துக்கு மாற்று என்று விற்பவை தீப்பிடிக்க அதிகச் சூடு கேட்கும். சார்ப்ஸில் தீ வளைந்து வர வேண்டியிருப்பதால் அவை அடிக்கடி காலை வாரும். டூ-எஃப் அல்லது த்ரீ-எஃப் மணி அளவுள்ள கருமருந்து போதும். பித்தளை அளவுக் கிண்ணத்தில் அளந்து போடுங்கள். மேசையில் ஒரு டப்பா மருந்து மட்டும் இருக்கட்டும், ஊற்றியதும் மூடிவிடுங்கள். அடுப்பு, ஹீட்டர், சிகரெட், ஊதுபத்தி எதுவும் அந்த அறையில் கூடாது. சாமி அறையோடு ஒட்டிய மேசை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் மாற்றுங்கள்.

குழாய் செய்வதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. என் அம்மாவின் ஊர் சிவகாசிப் பக்கம். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால், திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து கம்பியில் தாளைச் சுற்றி வெடிக்குக் குழாய் போட்டுக்கொண்டிருப்பார்கள். வலது உள்ளங்கையால் ஒரே தள்ளு. தாள் கம்பியோடு ஒட்டாமல், தளராமல், நேராகச் சுருளும். பசையைத் தாள் முழுக்கப் பூச மாட்டார்கள், கடைசி விளிம்பில் ஒரு விரல் அகலம் மட்டும் தடவுவார்கள். பூசினால் குழாய் கெட்டியாகும், ஆனால் காய நேரமாகும், கம்பியிலிருந்து கழலாது. அந்தக் கைப்பழக்கம் எனக்கு இங்கே அப்படியே உதவியது. உங்கள் சேம்பருக்குள் தடையில்லாமல் வழுக்குகிற பருமனில் ஒரு மரக்கோல் கடைந்துகொள்ளுங்கள். வார்னிஷ் வேண்டாம், மெழுகு தேய்த்தால் போதும். தாளை ஒன்றரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். விளிம்பில் மட்டும் பசைக்குச்சி. உருட்டியவுடன் கோலைச் சற்றுத் திருகிப் பார்க்க வேண்டும். திருகினால் குழாய் நகர வேண்டும்.

உங்கள் பிரிண்டர் தாளை விட்டுவிடுங்கள். அது தடிமன். அதில் களிமண் போன்ற நிரப்பிகள் வேறு இருக்கும், எரியாமல் கருகித்தான் போகும். சேம்பரில் நீங்கள் பார்க்கிற துண்டுகள் அதுதான். அழகு நிலையங்களில் முடி சுருட்டப் பயன்படுத்துகிற மெல்லிய தாள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். இழுத்தால் கிழியாது, எரிந்தால் சாம்பல் மிஞ்சாது. சூடான தண்ணீரில் வெடியுப்பைக் கரையும் மட்டும் கரைத்து, அந்தத் தாளை நனைத்து, கொடியில் துணி போல உலர்த்தினால் போதும். சரியாக ஏறிய தாளின் ஓரத்தில் வெளியே வைத்து ஒரு பொறி காட்டினால், சுடர் விடாமல் செந்நிறக் கோடு ஒன்று சரசரவென்று ஓடி முடிந்துவிடும். நடுவில் நின்றுபோனால் கரைசல் போதவில்லை. ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள், கட்டுக்கட்டாகச் சேர்த்து வைக்காதீர்கள். மேஜிக்காரர்கள் வைத்திருக்கிற ஃபிளாஷ் தாளை மட்டும் இதற்கு எடுத்துவிடாதீர்கள். அது வேறு ரகப் பொருள், இதைவிடப் பல மடங்கு முரடு.

வெடியுப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. நீங்கள் சுடுகிற நகலின் மூலத் துப்பாக்கிகள் போரில் வெடித்தபோது, அவற்றின் மருந்தில் நம் நாட்டு மண் இருந்தது. அப்போது உலகத்துக்கு வெடியுப்பு பெரும்பாலும் பீகாரிலிருந்து கல்கத்தா வழியாக பிரிட்டனுக்குப் போய்த்தான் பரவியது. 1861 நவம்பரில் வட மாநிலங்களின் அரசுக்காக வெடிமருந்து ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த லாமோட் டூபான்ட் ரகசியமாக இங்கிலாந்து போய், அங்கே இருந்த வெடியுப்பை வளைத்து வளைத்து வாங்கினார். அதே மாதம் பிரிட்டனின் டிரென்ட் கப்பலை வட மாநிலக் கடற்படை வழிமறித்த தகராறு வந்து, இரு நாடுகளும் போர் வரைக்கும் போய்விடுமோ என்ற நிலையில் பிரிட்டன் ஏற்றுமதியை நிறுத்தியது. தகராறு தீர்ந்து 1862 தொடக்கத்தில்தான் சரக்கு கிளம்பியது. உங்கள் மகனுக்கு வரலாறு பிடிக்கும் என்றீர்களே, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

குழாய் காய்ந்ததும் அடிப்பக்கத்தை அதே தாளின் சதுரத் துண்டு ஒன்றால் மூடி ஒட்டுங்கள். மடிப்பு இல்லாமல் முரசுத் தோல் போல இழுத்து ஒட்ட வேண்டும். ஓரத்தை நறுக்கிவிடுங்கள். இரவு முழுக்கக் காயட்டும். மருந்தை ஊற்றி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, வட்டு தேவைப்பட்டால் வைத்து, குண்டின் வாலில் இருக்கும் சின்ன வளையத்தைச் சுற்றிப் பசை தடவிக் குழாயோடு ஒட்டுங்கள். வளையம் வைத்த குண்டு அச்சு சார்ப்ஸுக்கென்றே விற்கிறார்கள். ஈயம் சுத்த ஈயமாக, நகத்தால் கீறினால் கோடு விழுகிற மென்மையில் இருக்க வேண்டும். முடித்த தோட்டாவைக் குண்டைப் பிடித்துத் தூக்கி லேசாக உதறுங்கள். உள்ளே சலசலப்பு கேட்டால் காலியிடம் இருக்கிறது, பிரித்துவிடுங்கள்.

லீவர் இறுகுவதைப் பற்றி. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கரியாகவே மிஞ்சும், அது எந்தத் தோட்டாவிலும் உண்டு. ஆனால் ஆறேழு முறையில் இறுகுவது அதிகம். வெட்டிய மருந்து பிளாக்கின் முகத்திலேயே எரிவதால் கரி அங்கேயே கட்டிக்கொள்கிறது. வாலை நிறுத்தினாலே பாதி சரியாகும். மீதிப் பாதி வாயுக் கசிவு. 1859 மாடலிலிருந்து பிளாக்கின் முகத்தில் ஒரு நகரும் தகடு வைத்தார்கள். லாரன்ஸ் என்பவர் செம்மைப்படுத்தியது. வெடிக்கும் அழுத்தமே தகட்டை முன்னால் தள்ளிக் குழலோடு ஒட்டவைக்கும் என்பது யோசனை. தகடு தளர்வாக நகர்ந்தால்தான் வேலை செய்யும். செகண்ட் ஹேண்ட் துப்பாக்கிகளில் பழைய கரி காய்ந்து அந்தத் தகட்டை அசையவிடாமல் செய்துவிட்டிருக்கும். வலது பக்கம் இருக்கிற சிறு லீவர் ஆணியைத் திருப்பி உருவினால் பிளாக் கையோடு கீழே வந்துவிடும். சுடுதண்ணீரில் போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். தகட்டை விரலால் தள்ளினால் அசைய வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைக் கழற்றி நிப்பிள் துளையின் வளைவில் குழாய்த் துடைப்பானை விட்டு எடுங்கள். அந்தத் திருகை நகல் வாங்கிய பலர் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் பிறகு மேலே தீ சீறினால், தகட்டுக்கும் குழலுக்கும் இடைவெளி அதிகம், அது கடைசல் வேலை. அருகிலிருக்கிற ஒரு துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ரப்பர் வளையத்தை வெட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களே செய்து பார்க்காதீர்கள்.

சைவத்துக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். வர்ஜீனியாவின் ஜூலை வெயிலில் காரில் வைத்த டப்பாவைத் திறந்தால், எண்ணெய் வட்டிலிருந்து கசிந்து மருந்தை நனைத்திருக்கும். நனைந்த மருந்து அரைகுறையாகச் சுட்டு, குண்டு குழலில் பாதியில் நின்றுவிடலாம். அடுத்த தோட்டா அதன் பின்னால் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து உருக்கி, ஆறினால் விரலால் அழுத்தக்கூடிய மெழுகுப் பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு மெழுகைக் கூட்டுங்கள், பனிக்குக் குறையுங்கள். 1857-லும் கடைசியில் சிப்பாய்கள் கையாலேயே தேன்மெழுகும் எண்ணெயும் தடவிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான். மோட்டார் கிரீஸ் மட்டும் வேண்டாம், பெட்ரோலியப் பொருள் கருமருந்துக் கரியோடு சேர்ந்தால் தார் போல ஆகிவிடும். பிளாக்கின் இரு பக்கங்களிலும் இதே மெழுகைத் தடவினால் லீவர் இருபது முறைக்காவது தாங்கும்.

சுடும் இடத்தில் வரிசை முக்கியம். ஹேமரைப் பாதி ஏற்றி, லீவரை இறக்கி, முதலில் சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள். சிவப்பாக எதாவது மினுங்கினால் தோட்டாவைத் தொடாதீர்கள். அப்புறம் தோட்டாவைக் கட்டைவிரலால் கடைசிவரை தள்ளி, லீவரை மூடி, அதன் பிறகுதான் கேப். கேப்பை முன்னால் வைக்கிற பழக்கம் எவரிடமிருந்து தொற்றினாலும் விட்டுவிடுங்கள். கேப் அடித்துச் சுடவில்லை என்றால் குழலைக் குறியை விட்டு அசைக்காமல் ஒரு முழு நிமிடம் நில்லுங்கள். அவசரத்தில் லீவரைத் திறப்பதுதான் முகத்தைக் கெடுக்கும். புதுக் கேப் வைத்து இன்னொரு முறை முயலுங்கள். ஐந்து முறைக்கு ஒரு தடவை சேம்பர் பக்கமிருந்து ஒரு குழாய் வைத்து நான்கைந்து மூச்சு ஊதினால், வாயின் ஈரத்தில் கரி இளகிக்கொள்ளும். வின்செஸ்டர் பக்கம் ஃபோர்ட் ஷெனான்டோவாவில் பழைய துப்பாக்கிப் போட்டிகள் நடத்துகிறார்களே, உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. ஒரு நாள் சுடாமல் நின்று வேடிக்கை பாருங்கள். கைகள் எந்த வரிசையில் ஓடுகின்றன என்பது எழுத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்த்தால் நன்றாகப் பதியும்.

மகன் தாராளமாகக் குழாய் சுற்றட்டும், அளவு பார்க்கட்டும், அடித்தாள் ஒட்டட்டும். மருந்து ஊற்றுவதும் ஈயம் உருக்குவதும் உங்கள் வேலை. ஈயப் புகை பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடக் கேடு. உருக்குவது வீட்டுக்கு வெளியே, அவன் உள்ளே. குண்டைத் தொட்ட கையோடு தோசை பிய்க்கக் கூடாது, இருவருமே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மதுரைக்குத் தோட்டா எடுத்துப் போகக் கூடாது, ஒன்றுகூட. கருமருந்தும் கேப்பும் விமானத்தில் பெட்டியிலும் கூடாது, கையிலும் கூடாது. இங்கே ஃபெடரல் சட்டம் இந்த மாதிரி கேப் துப்பாக்கி நகலைப் பழம்பொருள் வகையில் வைத்திருக்கிறது (உங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்). இந்தியாவில் அந்தக் கணக்கு செல்லாது, 1959 ஆயுதச் சட்டம் தோட்டாவையும் சேர்த்துப் பிடிக்கும். விமான நிலையத்தில் "அப்பாவிடம் காட்டத்தான்" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். பழைய குண்டு உறைகளைக்கூடப் பையில் மறந்துபோய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நீங்கள் ரேஞ்சுக்கு எடுத்துப்போகிற பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அப்பாவுக்குக் காட்ட வேண்டுமானால் புகைப்படம் எடுங்கள். சிவகாசி மதுரைக்குப் பக்கம்தானே, முடிந்தால் அவரையும் மகனையும் கூட்டிக்கொண்டுபோய், குழாய் சுற்றுகிற கைகளை ஒரு மணி நேரம் பாருங்கள்.

ஊருக்குப் போவதற்கு முன் பிளாக்கைக் கழற்றிக் கழுவி, மெழுகு தடவி வையுங்கள். கருமருந்துக் கரி ஒரு வாரத்தில் துருவாகிவிடும், ஒரு மாதம் தாங்காது. திரும்பி வந்ததும் அளவு எடுத்து, மூன்று அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். குண்டின் அடியிலிருந்து சேம்பர் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால், வட்டு எத்தனை வைக்கலாம் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.